விளக்குக்கு மேலே வைத்த பொட்டலங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரை படித்தவன். மகளின் படிப்பைப் பற்றி எதையாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்று ஒரு பயம். நான் கும்பிடும் முருகனைக் குறை சொன்னதாக யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

சேரம்பாடி பக்கத்துக் காலனி ஒன்றில் இருக்கிறேன். டீ ஃபேக்டரியில் இலை காயவைக்கும் டிரையரில் நின்று ரிட்டயர் ஆனவன். மனைவி காலமான பிறகு வீட்டில் நான் மட்டும். ஒரே மகள் கீழே சமவெளியில் ஆராய்ச்சிப் படிப்பு படித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் வரும். மற்ற நாட்களில் நான் வாய்விட்டுப் பேசுவது சாமியிடம்தான்.

தேயிலை நாற்று வளர்க்கும் கறுப்புக் கவர் மண்ணில் மக்காமலே கிடக்கும். மக்கிப்போகிற கவர் செய்ய அவள் இரண்டு வகைப் பிளாஸ்டிக்கைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணா உருக்கி ஊத்தினா கலந்துராதா?" என்று கேட்டேன்.

"பாக்கறதுக்குக் கலந்த மாதிரிதான் தெரியும்ப்பா. உள்ள தனித்தனிக் கூட்டமா உக்காந்திருக்கும்."

அதைக் கண்டுபிடிக்க என்.எம்.ஆர். என்றொரு மெஷின். துணுக்குகளைச் சின்னக் குழாயில் அடைத்து, பெரிய காந்தத்துக்குள் சாய்த்து வைத்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றவிடுவார்களாம்.

"ஒரு வகையை மட்டும் தட்டி எழுப்புவோம். அது பக்கத்துல இருக்கறதுக்கும் பரவும். நம்ம காலனியில ஒரு வீட்டுல ஒரு சேதி சொன்னா, அடுத்த வீட்டுக்கு எப்பப் போகும்?"

"சொல்லி முடிக்கறதுக்குள்ள போயிரும்."

"அதேதான். ரெண்டும் கலந்து உக்காந்திருந்தா சட்டுனு பரவிரும். தனித்தனிக் கூட்டமா இருந்தா மெதுவாத்தான் போகும். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்தா, கூட்டம் எவ்வளவு பெருசுன்னு கணக்குப் போட்டுருவோம்."

அதற்கு ஸ்பின் டிஃப்யூஷன் என்று பெயர். காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது அந்தக் கலவையைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கொடுத்தாள். இந்த மலை ஈரத்தில் கலவை பிரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடுப்புப் பக்கம், வெயில் பக்கம் வைக்கக் கூடாது. மாதம் ஒன்றைத் தபாலில் அனுப்ப வேண்டும்.

அடுப்புப் பக்கம் வைக்கவில்லை. மகளின் படிப்பே அதில் இருக்கிறது என்று, சாமி படத்துக்கு மேலே அடித்திருந்த தகரத் தட்டில் வைத்தேன். எனக்குத் தெரிந்து அதைவிடப் பத்திரமான இடம் வீட்டில் இல்லை. அதற்கு நேர் கீழே காமாட்சி விளக்கு காலையும் மாலையும் எரியும். அவள் படிப்புக்காகத் திரியைக் கொஞ்சம் தூண்டியே விட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "என்னாண்ணே, பிளாஸ்டிக்குக்குத் தீபாராதனையா? சுண்டல் உண்டா?" என்று சிரித்தது.

மாதம் ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் போவேன். தபால் கவரின் மேல் மகள் பெயரை எழுதும்போது, நானும் ஒரு வேலைக்கு ஆகிறவன் என்று தோன்றும்.

மூன்று பொட்டலம் போன பிறகு ஒரு ஞாயிறு சொன்னாள்: "அப்பா, நீங்க அனுப்பினது மூணும் பிரிஞ்சுபோச்சு. லேப்ல இருக்கறது கலந்தபடியே இருக்கு. ஈரந்தான் காரணம்னு எங்க சார் சொல்றாரு. இது மலைக்கு ஆகாதுன்னு எழுதப் போறேன். அடுப்புப் பக்கம் வெக்கலைல்ல?"

"இல்லம்மா."

மறுநாள் காலை விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தகரத்தைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. வேலைக்காலம் முழுக்கச் சூட்டோடு நின்றவன் நான். எனக்குத் தெரியாதா? முருகா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் அடுத்த இரண்டு ஞாயிறும் நான் சொல்லவில்லை. அவள் கோபத்துக்குப் பயப்படவில்லை. பொட்டலங்களைத் திருப்பிக் கேட்டுவிடுவாளே என்றுதான் பயம். அப்புறம் ஒரு நாள், தப்பான சங்கதியை அவள் கையால் எழுதப்போகிறாளே என்று மனசு கேட்காமல் நானே போன் போட்டேன்.

"வேல நாள்ல கூப்புடறீங்க, ஒடம்பு சரியில்லையாப்பா?"

"நல்லாருக்கேன். அந்தப் பொட்டலத்த... வெளக்குக்கு மேல வெச்சிருந்தேம்மா."

"எந்த வெளக்கு?"

"சாமி வெளக்கு."

 "எத்தன ஜாண் மேல?" என்றாள்.

"ஒரு ஜாண் இருக்கும்."

"டிரையர்ல நின்ன ஆளுப்பா நீங்க!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா திருப்பி வாங்கிக்குவியோன்னு..."

அந்த வாரமே பஸ் ஏறினாள். வந்து மிச்சப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போனாள். புதிதாகச் செய்ததை எஸ்டேட் நர்சரி ஷெட்டில் வைத்தாள், என் வீட்டில் இல்லை. அவள் செய்தது சரிதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கம்பி வழியாக எட்டிப் பார்ப்பேன், தொடுவதில்லை. ஈரத்தில் அது பிரியவே இல்லை. சூடுதான் பிரித்தது என்று சோதித்துப் பார்த்து எழுதினாள். பட்டமும் வாங்கிவிட்டாள். இப்போது தூரத்தில் வேலை. சில ஞாயிறுகளில் போன் வருவதில்லை.

காலனியில் இந்தக் கதை இரண்டு விதமாக ஓடுகிறது. முருகன் விளக்கைக் கொண்டே அவளுக்கு வழி காட்டினார் என்று ஒரு பேச்சு. அவள் முதலில் கணக்கைத் தப்பாகப் போட்டாள் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் இல்லை. மெஷினும் அவளும் முதலிலேயே சரியாகத்தான் பார்த்தார்கள். பிரிந்ததைப் பிரிந்தது என்றார்கள். சாமியும் இதில் ஒன்றும் செய்யவில்லை. இடம் பார்த்து வைத்தது நான். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். எதையும் சேர்க்க வேண்டாம். நான் வாய் திறக்காமல் இருந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் எனக்காக இரக்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.