இரும்பு நுழையாத காடு

சர்வேயர் ஞானமுத்து போன செவ்வாய்க்கிழமை காலமானார். பாலவனத்தத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டர் எங்கள் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஞானமுத்துச் சாரு தவறிட்டாக" என்று சொல்லிவிட்டு ஓடினான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆளா அவர்?

அவருடைய கேலி உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பகலைச் சொல்கிறேன்.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. கரி மூட்டம் போட, திருச்சுழிப் பக்கத்து அய்யனார் காட்டை வெட்டக் கேட்டு ஒரு காண்டிராக்டர் மனுப் போட்டிருந்தார். அளந்து கொடுக்க எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடக்க, அந்த ஒரு துண்டு மட்டும் உசிலை மரமும் குருந்த மரமுமாக அடர்ந்திருந்தது. கிளையெல்லாம் பழந்தின்னி வௌவால்கள். புதரோரம் வெளிமான்கள் காதை நிமிர்த்தி நின்றன. மண்ணுக்கு மேலே முதுமக்கள் தாழிகளின் விளிம்பு தெரிந்தது.

ஊர்க்காரர்கள் எல்லையில் அரிவாள்களைத் தரையில் போட்டுவிட்டு நின்றார்கள். "உள்ள இரும்பு போகாதுய்யா. ஒடிஞ்சு விழுந்த வெறகக்கூட நாங்க எடுக்குறதில்ல. சங்கிலிய வெளிய வச்சுட்டு வாங்க" என்றார் பூசாரி. எங்கள் அளவுச் சங்கிலி முழுக்க இரும்பு.

"நீங்க இழுங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்றார் கூட வந்திருந்த காண்டிராக்டர்.

ஞானமுத்து வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். அய்யனாருக்கு அவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் சங்கிலியைக் கீழே வைத்து, செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். நான் நோட்டோடு பின்னால் போனேன். பென்சில் முனை ஒடிந்தது. ஆபீஸ் பழக்கத்தில் பேனாக்கத்தியை எடுத்துச் சீவத் தொடங்கிவிட்டேன்!

பூசாரி அலறினார். வெளியே நின்றவர்கள் குனிந்து அரிவாளை எடுத்தார்கள். ஞானமுத்து கத்தியைப் பிடுங்கி எல்லைக்கு வெளியே எறிந்தார்.

"ஏலே, மன்னிப்புக் கேளு. எங்க கோயில் பீடத்துல ஒருத்தன் செருப்போட ஏறுனா நான் சும்மா இருப்பனா?"

கேட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் அரிவாள்கள் தரைக்கு இறங்கின.

வெளியே வந்ததும் காண்டிராக்டர், "கயித்தாலயாவது அளந்து குடுங்க" என்று மறித்தார். "கயித்தளவ சர்க்கார் ஒத்துக்காது" என்றார் ஞானமுத்து. முழங்காலில் காகிதத்தை வைத்து, அளக்க முடியவில்லை, வெட்ட விட்டால் கலகம் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட வேண்டும். பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"ஒனக்கு மூணு பிள்ளைக. ஒரு கையெழுத்துப் போதும்லே" என்று காகிதத்தை மடித்துக்கொண்டார்.

காடு தப்பியது. அவரைத் தொலைவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. எனக்கு வந்தது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒன்றுதான். "போதும்லே" என்று அவர் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அது. கல்லறையில் மண் போடும்போது அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.