கல்லில் அரைத்த மாத்திரை

எங்கள் வீட்டில் எந்த மாத்திரையும் உரைமருந்துக் கல்லுக்குத் தப்பியதில்லை. கைக்குழந்தைக்கு வசம்பும் ஜாதிக்காயும் உரசிப் புகட்டுகிற அதே சின்னக் கல்தான். அம்மா அதில் மாத்திரையை அரைத்து, தேனில் குழைத்து, நாக்கில் தடவிவிடுவாள். எனக்கு மாத்திரை முழுங்க வராது. மீசை முளைத்த பிறகும் வரவில்லை.

பிளஸ் டூ முடித்த வருடம் எனக்கு வயிறு கெட்டது. ரத்தமும் சளியுமாகப் போனது. எங்கள் ஊர் ஓடைப்பட்டியில் பஸ் ஏறினால், தேனி போவதற்குள் எங்கெங்கே இறங்கி ஓடலாம் என்பதுதான் என் முழுக் கவலை. பெருங்குடலில் புண் என்று கண்டுபிடித்த டாக்டர் செங்கல் நிறத்தில் மாத்திரை எழுதினார். மாதக்கணக்கில் சாப்பிட்டும் ரத்தம் நிற்கவில்லை.

"இதுக்கும் கேக்கலைன்னா கொடலையே எடுக்க வேண்டி வரும். மலம் போக வயித்துல பை வச்சுக்கிறணும்" என்றார் ஒருநாள். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அம்மா மட்டும் விடவில்லை. "ஒரு வேளை தவறலைங்கய்யா. நானே கல்லுல நைசா அரைச்சு, தேன்ல கொழைச்சுக் குடுக்குறேன்" என்றாள் பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். அந்த மாத்திரையின் மேல்பூச்சு வயிற்றில் கரையாதாம். சிறுகுடலைக் கடந்த பிறகுதான் கரைந்து, புண் இருக்கிற இடத்தில் மருந்தை விடுமாம். "நீங்க அரைச்சதுல மருந்து பாதி வழியிலயே எறங்கிருச்சும்மா" என்றார். கொஞ்ச நாள் முழுசாக முழுங்கட்டும், ஆபரேஷனை அப்புறம் யோசிப்போம் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கல்லைத் தூக்கிப் பரணில் போட்டாள். பிறகு அண்ணன் பிள்ளைக்கு மருந்து உரசக்கூட அதை இறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா தோட்டத்திலிருந்து பன்னீர் திராட்சை கொண்டுவந்தார். எங்கள் பக்கம் அதை யாரும் மெல்வதில்லை. கொட்டை கசக்கும் என்பதால், பிதுக்கினால் வழுக்கி வருகிற சதையை அப்படியே முழுங்கிவிடுவோம். அப்பா தோலை உரித்து, சதைக்குள் மாத்திரையைச் செருகி, "ஏலே, பழம்னு நெனச்சுக்க" என்று நீட்டினார். போய்விட்டது. வாயைத் திறக்கச் சொல்லி அம்மா உள்ளே தேடினாள். இப்போதும் அந்தப் பழத்தின் வாசனை பட்டால், குனிந்து பார்க்கும் அவள் முகம்தான் வருகிறது.

வருடம் முழுக்கத் திராட்சை காய்க்கிற ஊரில் பிறந்தது என் அதிர்ஷ்டம். ரத்தம் மெல்ல நின்றது, குடல் பிழைத்தது. நான் ஃபார்மஸி படிக்கப் போனேன். மேற்படிப்பில் நானோ துகள்களைப் பற்றிப் பாடம் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடி, ஒவ்வொன்றுக்கும் தனி உறை. குடலில் புண் இருக்கிற இடத்தில் போய் ஒட்டி மருந்தை இறக்குமாம், இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம். லீவுக்கு வந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் இதையெல்லாம் அளந்தேன்.

"பொடியாவா குடுக்காக?"

"ஆமா. நீ அரைச்சத விட நைசு."

அவள் கை நின்றது. "அப்ப நான் செஞ்சது அம்புட்டுத் தப்பில்லையாடா?"

இத்தனை வருடம் அவள் இதை மனசில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். உறையைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

"இல்லம்மா, நீ கொஞ்சம் முந்திட்ட, அம்புட்டுத்தான்."

மறுநாள் காலையில் அந்தக் கல் பரணிலிருந்து இறங்கி, கழுவப்பட்டு, அடுப்படி ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.