துடுப்பில் ஒட்டிய களி

எங்கள் செவலைக்கு வெறி பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னவர் சித்தப்பா. அவர் எதைச் சொன்னாலும் ஊர் நம்பும். அவ்வளவு சத்தமாகச் சொல்வார்.

செவலை எங்கள் நாய். எனக்கும் முன்பே அந்த வீட்டுக்கு வந்தது. சாமைக்கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வயதாகிவிட்டதால், பன்றிச் சத்தம் கேட்டாலும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. மலையிறங்கிக் கலசப்பாக்கம் சந்தைக்குப் புளி கொண்டுபோன அப்பா, திரும்பி வந்த ஜீப்பில் ஒரு குட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஜாக்கி என்று பெயரும் வைத்தார். செவலைக்கு அதன் நிறத்தையே பெயராக வைத்துவிட்டு, வந்தவனுக்கு மட்டும் டவுன் பெயரா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சலில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம். அந்த வருஷம்தான் தம்பி பிறந்திருந்தான். ஒரு வேலையும் செய்யாமல் தூளியில் படுத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அம்மாவின் மடியும் அவனுக்கே என்று ஆகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். களித்தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கியதும், துடுப்பில் ஒட்டியிருப்பதை வழித்து ஆறவைத்துக் காவல் நாய்க்குக் கொடுப்பார்கள். அதன்பிறகுதான் மனிதர்களுக்குத் தட்டு. ஜாக்கி வந்ததும் அந்த வழிசல் ஜாக்கிக்குப் போனது. குட்டிதானே, பசி தாங்காது என்றார் அப்பா. செவலைக்குக் கடைசியில் வைத்தார்கள். முன்பைவிட நிறையவே வைத்தார்கள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொல்லைக்குக் கூப்பிட்டால் வரவில்லை. அப்பாவின் செருப்பை இழுத்துப்போய்ப் பலாமரத்தடியில் புதைத்தது. ஒருநாள் ஜாக்கியின் காதைக் கடித்து ரத்தம் வரவைத்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அன்றைக்குத்தான் சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். தீனி எடுப்பதில்லை, சொல் கேட்பதில்லை, கடிக்கிறது, வெறியேதான் என்றார். செல்போனில் ஏதோ ஒரு ஊர் நாயின் வீடியோவைக் காட்டினார். கைக்குழந்தை இருக்கிற வீடு, காலை ஜீப்பில் ஏற்றி அடிவாரத்தில் விட்டுவிடலாம் என்றார். வெறிநாயோடு ஜீப்பில் யார் உட்காருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா தலையாட்டினார். தம்பிக்காக இன்றைக்குச் செவலை போகிறது, அடுத்தது நான்தான் என்று உறுதியாக நம்பினேன்.

மறுநாள் ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது அம்மா களியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஜாக்கியைக் கட்டிப்போடச் சொன்னாள். அவசரமே இல்லாமல் துடுப்பை வழித்தாள், ஊதி ஆற்றினாள், செவலையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜாக்கி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செவலை மெதுவாக எழுந்து வந்து, அவள் கையிலிருந்ததைத் தின்று, விரல்களை நக்கி, பக்கத்திலிருந்த சட்டித் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இன்னாங்க, வெறி புடிச்ச நாயி இப்டிதான் தண்ணி குடிக்குமா? அதுக்கு பொறாம. அது எடத்த அதுக்கு குடுங்க, சரியாப் பூடும்."

சித்தப்பா செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஜீப் செவலை இல்லாமலே இறங்கிப் போனது.

அதுமுதல் வழிசல் செவலைக்கு, மிச்சம்தான் ஜாக்கிக்கு. சாயங்காலங்களில் அப்பா செவலையை மட்டும் கொல்லைக்குக் கூட்டிப்போனார். ஜாக்கி வீட்டில் கிடந்து ஊளையிட்டது. சாமை அறுப்புக்குள் இரண்டும் சேர்ந்தே போகத் தொடங்கின. செவலை முன்னால், ஜாக்கி பின்னால்.

நாயைத் திருத்த எங்கள் அம்மாவை விட்டால் ஆளில்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். ஒன்றே ஒன்றுதான் கவலையாக இருந்தது. காலையில் தம்பி தூளியில் வீறிட்டு அழுவான். அம்மா அவனைத் தூக்காமல் என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, ரெட்டைச் சடை பின்னி முடித்து, எனக்குக் களியும் போட்டுவிட்டுத்தான் எழுந்து போவாள். பாவம், அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே நான் தட்டை வழித்துத் தின்றேன்.