ரெண்டு கோர்ட்டுக்கு நடுவில் ஜாய்ஸ்

கே.கே. நகரில் அந்த ஸ்கேன் சென்டருக்குப் போனவர்களுக்கு ஜாய்ஸைத் தெரிந்திருக்கும். வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் அவளுடைய கைப்பைதான் எப்போதும் உட்கார்ந்திருக்கும். அவள் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ யாரையாவது விரட்டிக்கொண்டோ இருப்பாள்.

"தண்ணி குடிச்சீங்களாம்மா? பத்தாது, இன்னும் குடிங்க. ஏண்ணே, நீங்க எதுக்குக் குடிக்கிறீங்க? ஸ்கேன் உங்களுக்கா, உங்க வீட்டம்மாவுக்கா?"

இந்த வருஷம் அவள் வேகம் இன்னும் கூடியிருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை மரியராஜ், ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் தொங்கும், அதை அவன் ஊதிக் கேட்டவர்கள்தான் குறைவு. அம்புட்டு அமைதி.

ஜாய்ஸுக்கு இது ரெண்டாவது கல்யாணம். முதல் மாப்பிள்ளை ஜெர்சன், அவனுடைய அப்பா அதட்டியதற்காகத் தாலி கட்டியவன். வருஷம் திரும்புவதற்குள் ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். "ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல ஜாய்ஸ். எனக்குத்தான் ஒத்து வரல" என்று, புக் பண்ணிய வண்டியை வேண்டாமென்று சொல்கிறவன் குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பிள்ளை கிடையாது. சண்டைகூடக் கிடையாது. ஒரு தட்டு உடைந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும் என்பாள்.

அழுது முடித்த பிறகு ஜாய்ஸும் அவள் அம்மா இன்னாசியம்மாளும் மறைமாவட்டத்தின் திருமணத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே வருஷக்கணக்காக விசாரணை நடந்தது. நீதிபதி என்று ஒரு சாமியார் இருந்தார். பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். சாட்சிகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். கல்யாணம் செல்லும் என்று வாதாடுவதற்கென்றே இன்னொரு சாமியார் இருந்தார். ஜெர்சனும் வந்து, "எங்கப்பாவுக்குப் பயந்துதான் சரின்னேன்" என்று உண்மையைச் சொன்னான். கடைசியில் அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று முத்திரை போட்டுத் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு இன்னாசியம்மாள் மட்டன் எடுத்தாள். நீதிபதி, சாட்சி, சத்தியம், முத்திரை எல்லாம் இருந்தபிறகு அது கோர்ட்டு இல்லையென்று யாருக்குத் தோன்றும்?

தோன்றியது பங்குச் சாமியாருக்குத்தான். கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை எழுத, மரியராஜோடு குடும்பமாகப் போயிருந்தார்கள். அவர் தீர்ப்பைப் பார்த்தார், தலையாட்டினார், கையை நீட்டினார்.

"சரி, கோர்ட்டு டைவர்ஸ் காப்பி?"

"அதான சாமி கையில வச்சிருக்கீங்க" என்றாள் இன்னாசியம்மாள்.

"இது நம்ம கோர்ட்டும்மா. நான் கேக்குறது கவர்மெண்ட் கோர்ட்டு."

"நம்ம கோர்ட்டு அதைவிடப் பெருசுன்னுல்ல சாமி நெனச்சேன்!"

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோயிலுக்கு இது போதும். சட்டத்துக்குப் போதாது. அன்னைக்கே சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க சாமி" என்றாள் ஜாய்ஸ். "நானும் அம்மாவும் கட்டிப்பிடிச்சு அழுதுகிட்டு இருந்தோம். காதுல விழுகல."

மரியராஜ் மெதுவாக எழுந்து, "தேதியத் தள்ளி வைக்க மண்டபத்துக்காரர்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். அவன் அக்கா அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலமே அவள் ஸ்பீக்கர் போட்ட போனில் கத்தியது தெருவுக்கே கேட்டது. "இன்னொருத்தன் பொண்டாட்டிய எப்படிடா நம்ம வீட்டுக்குள்ள கூட்டிட்டு வருவ? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி சொல்லச் சொல்லு. இல்ல, நான் திண்டுக்கல் பொண்ணைப் பேசி முடிச்சிருவேன்."

ஜாய்ஸ் மறுநாளே லீவு போட்டாள். கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்கு அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். வருமானச் சான்றிதழ் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தாள். அங்கே இருந்த வக்கீல் அஸ்வினி அதைத் தொடவே இல்லை.

"பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்குறதில்லக்கா. உக்காருங்க."

"பரவால்ல மேடம், நிக்கிறேன்."

"நீங்க நடந்துக்கிட்டே இருந்தா எனக்கு எழுத வரலக்கா."

ஜாய்ஸ் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். அஸ்வினி எல்லாவற்றையும் கேட்டாள். பிரிந்து வருஷங்கள் ஆகிவிட்டதால், ரெண்டு பேரும் சேர்ந்து சம்மதமென்று மனு போட்டால் சுலபம் என்றாள். போட்டபிறகு ஆறு மாசம் யோசிக்கச் சொல்வார்கள், மறுபடி ரெண்டு பேரும் வந்து சம்மதம் என்றால் தீர்ப்பு.

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

"ஒத்தக்கடையில குடும்பம் நடத்துறான்" என்றாள் இன்னாசியம்மாள். "போன வருஷமே கல்யாணம் முடிச்சுட்டான்."

அஸ்வினியின் பேனா நின்றது. "கல்யாணமா? எப்படிம்மா?"

"அதான் ரத்தாயிருச்சுல்ல. எம்மகளுக்கு ரத்துன்னா அவனுக்கும் ரத்துதான? ஒரு சின்ன ஜெபக்கூடத்துல வச்சு முடிச்சானாம். எங்களுக்குப் பத்திரிகைகூட வந்துச்சு."

அஸ்வினி சிரிப்பை அடக்கினாளா தலைவலியை அடக்கினாளா என்று தெரியவில்லை. "அம்மா, சட்டப்படி உங்க மகதான் இன்னமும் அவர் பொண்டாட்டி. அந்தக் கல்யாணம் செல்லாது. இவங்க ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்தா கேஸாயிரும்."

"அப்படிப் போடு!" என்று இன்னாசியம்மாள் நிமிர்ந்தாள். "குடுப்போம். போலீஸ் போய்க் கூப்பிட்டா ஓடி வந்து கையெழுத்துப் போடுறான்."

"இல்ல, அந்தப் பொண்ணோட தொடர்புன்னு காரணம் காட்டி இவங்க தனியாவும் மனு போடலாம்" என்றாள் அஸ்வினி. "ஆனா அந்தப் பொண்ணையும் எதிர்த்தரப்புல பேர் போட்டுச் சேக்கணும். அவங்களுக்கும் சம்மன் போகும். வருஷக்கணக்கா இழுக்கும்."

ஜாய்ஸ் அதற்குள் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பியிருந்தாள். "அவன் தானா வந்துட்டா ஆறு மாசம். வரலைன்னா எம்புட்டு வருஷம்னே தெரியாது. அப்படித்தான மேடம்?"

"அப்படித்தான்."

"சரி. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

யானைமலையை இடப்பக்கம் விட்டு, மேலூர் ரோட்டில் ஸ்கூட்டியை அவள் ஓட்டிய வேகத்துக்கு, பின்னால் இருந்த இன்னாசியம்மாள் ஜெபமாலையின் ஒரு மணியைக்கூட முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. வழியெல்லாம் ஜாய்ஸ் பேச்சைத் தயார் பண்ணினாள். 'ஒழுங்கா வந்து கையெழுத்துப் போடு, இல்ல கம்பி எண்ணு' என்று ஒன்று. 'பாவம் பாக்குற நேரம் முடிஞ்சிருச்சு ஜெர்சன்' என்று இன்னொன்று. ஹெல்மெட்டுக்குள் அது ரொம்ப நன்றாக இருந்தது.

புதுசாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் கதவு திறந்தது. திறந்தவள் பெனிட்டா, ஜெர்சனின் புது மனைவி. எட்டு மாசத்து வயிறு. கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள்.

"யாருக்கா?"

தயார் பண்ணியதில் ஒரு வரியும் வாய்க்கு வரவில்லை. ஜாய்ஸின் கண் தானாகக் கீழே போயிற்று. "கால் என்ன இம்புட்டு வீங்கியிருக்கு? பிரஷர் பாத்தியா?"

"நேத்துதான் பாத்தாங்கக்கா. உப்பக் கொறைக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க?"

"ஜாய்ஸ்."

பெனிட்டாவுக்குப் பெயர் தெரிந்திருந்தது. முகம் கறுத்துப்போய், உள்ளே பார்த்து, "ஏங்க, வெளிய வாங்க" என்றாள். கைலியோடு வந்த ஜெர்சன், இன்னாசியம்மாளைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜாய்ஸ் உட்காரவில்லை. அந்தச் சின்ன கூடத்தில் டிவிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே நடந்துகொண்டே, வக்கீல் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். கேட்கக் கேட்க ஜெர்சன் உதட்டை நக்கினான்.

"நான் கோர்ட்டுப் பக்கம் வர மாட்டேன் ஜாய்ஸ். வந்தா, அவனே வந்து மாட்டிக்கிட்டான்னு பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. என் கம்பெனி வேலை போயிரும்."

"வராட்டி நான் போடுவேன். ரெண்டுல எது வசதின்னு பாத்துக்க."

பெனிட்டா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அக்கா, அப்ப நான் இவருக்கு யாரு?"

இன்னாசியம்மாள் வாயைத் திறந்தாள். ஜாய்ஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"நீதான் இவன்கூட குடும்பம் நடத்துறவ" என்றாள் ஜாய்ஸ். "ஆனா சட்டத்துல ஒன் இடத்துல நான் நிக்கிறேன். எனக்கு அந்த இடம் வேணாம். அதை விட்டு எறங்கத்தான் வழி தேடிக்கிட்டு வந்தேன்."

பெனிட்டா சுவரை விட்டு நகர்ந்து, "சட்டை மாத்துங்க" என்றாள் புருஷனிடம்.

"பெனிட்டா, நீ புரியாம..."

"எனக்கு நல்லாப் புரியுது. பிள்ளை பொறக்குறதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். மாத்துங்க."

மரியராஜின் அக்கா சொன்ன வெள்ளிக்கிழமை வருவதற்குள் மனு தயாராகிவிட்டது. ஜெர்சன் தனியாக வந்தால் பாதி வழியில் பஸ் மாறி ஓடிவிடுவான் என்று பெனிட்டாவும் கூடவே வந்தாள். குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதியிடம் போவதற்கு முன் ஆலோசகர் ஒருத்தர் பேசிப் பார்ப்பார். அவர் நல்ல மனுஷர், சேர்த்துவைப்பதையே தொழிலாகக் கொண்டவர். குரலில் தேன் குழைத்தபடி ஆரம்பித்தார்.

"தம்பி, கோவத்துல எடுக்குற முடிவா இருக்கக் கூடாது. அம்மா, நீங்களும் கொஞ்சம் விட்டுக்குடுத்தா..."

"விட்டுக்குடுக்கத்தான் சார் வந்திருக்கேன்" என்றாள் ஜாய்ஸ்.

"சேந்து வாழ ஒரு சதவீதம்கூட வாய்ப்பில்லையா?"

ஜெர்சன் தரையைப் பார்த்தான். ஆலோசகரின் பார்வை திறந்திருந்த கதவு வழியாகப் பெஞ்சில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இருந்தவள்மேல் விழுந்தது. ஜெர்சன் ரெண்டு தடவை அவளைத் திரும்பிப் பார்த்ததை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு உங்ககூட வந்தவங்களா? யாரு?"

உண்மையைச் சொன்னால் இந்தச் சம்மத மனு எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஜாய்ஸுக்கு மரியராஜின் முகம் நினைவுக்கு வந்தது, அவன் அக்காவின் குரல் வந்தது, பெனிட்டாவின் வீங்கிய கால் வந்தது.

"தங்கச்சி சார்" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். மாசமா இருக்கா. தனியா வீட்டுல விட மனசு வரல, கூட்டிட்டு வந்தேன்."

ஆலோசகர் உருகிப்போனார். "பாருங்க தம்பி, இவ்வளவு பாசமான பொண்ண விட்டுட்டு..." என்று இன்னொரு சுற்று ஆரம்பித்து, கடைசியில் பெருமூச்சோடு சமரசம் ஏற்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். நீதிபதி ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார். ஆறு மாசம் தள்ளித் தேதி போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் மரியராஜ் வண்டியோடு நின்றிருந்தான். ஜாய்ஸ் ஓடாத குறையாகப் போனாள். "ஆறு மாசம். ஒங்க அக்காட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"சொல்லிட்டேன். திண்டுக்கல் பொண்ணுக்கு வேற இடம் பாக்கச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காம யார் சொல்லச் சொன்னா? இன்னைக்கு இது நடக்கலைன்னா என்ன செஞ்சிருப்ப?"

"அடுத்த தேதி என்னைக்குன்னு கேட்டிருப்பேன்" என்றான் அவன்.

ஜாய்ஸ் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆறு மாசம் அவளை ஆட்டிவைத்துவிட்டுத்தான் போயிற்று. ஜெர்சன் மனசு மாறிவிடுவானோ என்று அவள் வாரத்துக்கு ஒரு தரம் ஒத்தக்கடைக்குப் போன் அடித்தாள். எடுப்பது எப்போதும் பெனிட்டாதான். "ஓடலைக்கா, இங்கனதான் இருக்காரு. பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுறாரு." சொன்ன தேதியில் ரெண்டு பேரும் நின்றார்கள், சம்மதம் என்றார்கள், விவாகரத்து ஆனது. அஸ்வினி வாசல்வரை வந்து, அப்பீல் காலம் தாண்டுகிறவரை ரெண்டு தரப்பும் கல்யாண மாலை பக்கமே போகக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

பெனிட்டா கைக்குழந்தையை ஜாய்ஸிடம் கொடுத்துவிட்டு முந்தானையைச் சரிபண்ணினாள்.

"அக்கா, நாங்க முன்னாடி பண்ணுனது செல்லாதாமே. இனிமேத்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்ப் புதுசாக் கட்டணுமாம். சாட்சிக்கு ஆள் வேணும். நீங்க வாரீங்களா?"

"அடியே, எனக்கே இன்னும் ஓலை வாசிக்கல! ஒங்க ரெண்டு பேருக்கும் நான் சாட்சிக் கையெழுத்துப் போடணுமாக்கும்?"

"பின்ன, தங்கச்சின்னு சொன்னது யாரு?"

குழந்தை ஜாய்ஸின் செயினைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே, "என்னைக்குன்னு சொல்லு, லீவு போடணும்" என்றாள்.