முழுச் சிவப்பு அலகு

காலைப் பெரட்டில் வேலைக்கு வந்த ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது மரியதாஸின் மகள் கைப்பேசியில் அழைத்தாள். “அங்கிள், அப்பா போயிட்டாருங்க” என்றாள். மீதிப் பெயர்களை வேறொருவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

பூண்டுலோயாவில் நானும் மரியதாஸும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தோம். நான் மலையில் ஆட்களின் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, அவர் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். “லேபிள ரெண்டு தடவ படிக்காம நான் யாருக்கும் ஒண்ணும் ஊத்துறதில்லங்க” என்பார். பறவை பார்ப்பதிலும் அதே கறார்தான். சந்தேகம் இருந்தால் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிடுவார். நான் சொன்ன பறவைகளில் பாதிக்கு மேல் அப்படிக் கேள்விக்குறி வாங்கியவை. எனக்கு எரிச்சலாக வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் பஸ் மாறி, பொல்பிட்டியப் பக்கத்துக் காட்டு ஓடைக்குப் போவோம். ஊதா முதுகும் மஞ்சள் வயிறுமான ஒரு குட்டி மீன்கொத்தியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மர நிழலில் விர்ரென்று போனால் வழக்கமான நீல மீன்கொத்தியும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அலகைப் பார்த்தால்தான் உறுதி. நீல மீன்கொத்திக்குக் கறுப்பு அலகு. அதில் பெட்டைக்குக் கீழ் அலகு மட்டும் சிவப்பு. அவர் தேடிய குட்டி மீன்கொத்திக்கு மேலும் கீழும் சிவப்பு.

ஒரு நாள் அவர் குனிந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம், ஒன்று என் முன்னால் பறந்து போனது. அலகில் சிவப்பு தெரிந்தது. கத்திவிட்டேன்.

“மேல் அலகும் செவப்பா சிவா? நல்லா பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஆனால் அன்றும் ஒரு கேள்விக்குறி வாங்க எனக்கு மனமில்லை. “முழுசும் செவப்புங்க” என்றேன்.

“அப்ப இங்க இருக்கு!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதன் பிறகு நான்கு வருடம், மழையிலும் அதே பாறையில் போய் உட்கார்ந்தார். நான் போகாத வாரங்களில் தனியாகவும் போனார். “நீங்க பாத்த எடம் இதானே?” என்று கேட்பார். ஆமாம் என்பேன். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன், சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மகள் அவருடைய நோட்டை என்னிடம் கொடுத்தாள். அந்த மீன்கொத்தியின் பெயரை அவர் ஏழு இடங்களில் எழுதியிருக்கிறார். ஆறு அவரே பார்த்தவை, ஆறுக்கும் கேள்விக்குறி. ஏழாவதில், “சிவா பார்த்தார். முழுச் சிவப்பு அலகு” என்று இருந்தது. அதற்கு மட்டும் கேள்விக்குறி இல்லை.

அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. விடுபட்ட கேள்விக்குறியை நானே போட்டுவிட்டேன்.