தராசுக்குத் தெளித்த பன்னீர்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, முதலாளி அம்மா மணம் பார்க்கும் காகிதத்தை மூக்கருகில் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலிசில் கேட்டார். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"சிவம், என்ர ஏரிக்குள்ள ஆர் கலியாணம் செய்தது?"

நான் தராசைத் திரும்பிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் மில்லிக்கன் என்ற புறநகரில், பிளாசா எனப்படும் கடைத்தொகுதி ஒன்றின் பின்புறம் இருந்தது எங்கள் சென்ற் பட்டறை. முதலாளி இங்ரிட் நோர்வேக்காரி. தன் நாட்டுப் பைன் காடு, மழையில் நனைந்த பாசிப் பாறை, உறைந்த ஏரி இவற்றையெல்லாம் போத்தலில் அடைப்பதுதான் அவர் தொழில். "இனிக்கக் கூடாது, குளிர வேணும்" என்பார். எட்டாம் வகுப்புப் படித்து, ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை, நிறுக்கும்போது கை நடுங்காது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தார். எண்ணெய்களை நிறுத்து, அற்ககோலில் கலந்து, வாரக்கணக்கில் ஊறவிட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்து, வடிதாளில் சொட்டுச் சொட்டாக வடிப்பது என் வேலை.

சோறு போடும் தராசுக்கு ஆயுத பூசையன்று பொட்டு வைக்காமல் விட மனம் கேட்கவில்லை. தீப்பிடிக்கும் அற்ககோல் உள்ள அறை என்பதால் கற்பூரம் கொளுத்தவில்லை. சந்தனம் தொட்டு வைத்து, செம்பிலிருந்து பன்னீர் மட்டும் தெளித்தேன். பக்கத்தில் 'ஏரி' என்ற சென்ற் திறந்தபடி வடிந்துகொண்டிருந்ததை நினைக்கவில்லை.

லேபல் ஒட்டும் பரம் அண்ணை காதுக்குள் சொன்னார்: "வாயைத் திறவாத. உது பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மணமெண்டு சொல்லு."

"ஏலாது அண்ணை. சாமிக்குச் செய்ததை மறைச்சா அது பூசையே இல்லை."

"உண்மை சொல்லி வேலையை விடப்போறாய். அவ போன மாசம் என்ர மகளின்ர கலியாணத்தில பன்னீரில நனைஞ்சவ. மணத்தைக் கண்டுபிடிச்சிட்டா, தெளிச்சது நீயெண்டுதான் தெரியாது."

நேரே போய் இங்ரிட்டிடம் சொல்லிவிட்டேன்.

"நெருப்புக் கொளுத்தினியா?"

"இல்லை மேடம். அது ஆபத்தெண்டு தெரியும்."

"நெருப்புத் தெரியுது, மணம் தெரியேல்லை! வெள்ளிக்கிழமை டவுன்ரவுன் கடைக்காரி ஏரியை மணந்து பாக்க வாறா. அவ வேண்டாமெண்டால் இந்த மாசத்தோட கதவைப் பூட்டுறதுதான். ஏரியில பாதி இன்னும் வடிக்காமல் குளிர்ப்பெட்டியில மிச்சமிருக்கு. கெடுத்தது நீ, வடிச்சுத் தாறதும் நீ."

மூன்று நாள் இருந்தது. அறையையும் புனலையும் தராசையும் திரும்பத் திரும்பத் துடைத்தேன். என் உடுப்பில் மணம் ஏறாதிருக்க, வீட்டில் மிளகாய் வறுக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம் என்றேன்.

"மூண்டு நாளும் கடைப் பாணும் பட்டருமோ? உங்கட மேடத்தின்ர ஏரிக்கு நாங்கள் விரதமோ?" என்றாள் மனைவி.

"ஓம், விரதமெண்டே வை."

ஜக்கெற்றை பல்கனிக் குளிரில் தொங்கவிட்டேன். மணமில்லாத சவர்க்காரம் தேடி வாங்கினேன். தலைக்கு எண்ணெய் இல்லை. வாசனைத் திருநீறு என்பதால், நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனேன். அது மட்டும் கஷ்டமாக இருந்தது. தராசின் முன் கைகூப்பி, "அப்பனே, இண்டைக்கு என்னில ஒண்டும் இல்லை, நீ இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். ஒவ்வொரு சொட்டும் விழும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்காரி காகிதத்தை மணந்தார். கண்ணை மூடித் திரும்பவும் மணந்து பார்த்தார். பரம் அண்ணை கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெண் திறந்திருந்த கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, "இங்கே குளிருகிறது" என்றார். அறையில் ஹீற்றர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இங்ரிட் என்னைத் திரும்பிப் பார்த்தார். பட்டறை பிழைத்துவிட்டது.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு முதல் நாள், அவரே தராசைப் பெட்டியில் வைத்து என் காருக்குக் கொண்டுவந்தார்.

"வீட்டில வைச்சுக் கும்பிடு. கழுவிக் கொண்டா."

"சீற் பெல்ற் போட்டுவிடு, சாமி எழுந்தருளுது" என்றார் பரம் அண்ணை.

போட்டுத்தான் கொண்டுபோனேன். அன்று சந்தனம், பன்னீர், மல்லிகை எல்லாம் வைத்தோம். மறுநாள் ஒரு துளி மணமும் இல்லாமல் துடைத்துத் திருப்பி வைத்தேன். பொட்டு வைத்தது மட்டுமல்ல, அந்தத் துடைப்பும் பூசைதான் என்பதை நான் பழுதாக்கிய ஏரிதான் எனக்குப் படிப்பித்தது.