ஸ்டார்ட்டரை மறைத்த தகரம்

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, அப்பா எங்கள் வயலைச் சித்தப்பா மகன் செல்வராஜ் பெயரில் எழுதிவைத்தார். அவன் திருப்பித் தரவில்லை, வழக்குப் போட்டேன். வழக்கு வேறு, உறவு வேறு என்று, வேளாங்கண்ணி போக அவன் கார் கேட்டபோது கொடுத்தேன். வாய்தாவுக்கு முதல் நாள் கொண்டுவந்து விட்டான்.

மறுநாள் தஞ்சாவூர் போகும் வழியில், பாபநாசம் ரயில்வே கேட்டில் இன்ஜினை நிறுத்தினேன். ரயில் போன பிறகு கார் கிளம்பவில்லை. மேட்டில் தனியாளாகத் தள்ளவும் முடியவில்லை. சூடு ஆறித்தான் கிளம்பியது. அதற்குள், நான் ஆஜராகவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். “சைலன்சர் பைப் சூடு ஸ்டார்ட்டர்ல அடிக்காம ஒரு தகரம் இருக்குமே. யாருங்க கழட்டுனது?”

அந்தத் தகரம் செல்வராஜின் கோழிக்கூண்டு ஓட்டையை அடைத்திருந்தது. ஊரில் வேறு தகரமா இல்லை? அவன் கண்ணெதிரிலேயே ஆணியைப் பிடுங்கினேன்.

“ஓட்டைய விட்டா கீரி வரும்ண்ணே.”

“வரட்டும்.”

வந்தது.

வழக்கை மறுபடி எடுக்க மனு போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் காரை இரவல் கொடுப்பதில்லை. தகரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே சாவியைத் திருகுகிறேன். அதிலுள்ள ஆணி ஓட்டை விரலில் படும்போது, செல்வராஜ் வீட்டில் சேவல் கூவாதது காதுக்கு இனிமையாக இருக்கிறது.